மூன்று மரணங்கள் உருவாக்கிய டாக்டர்
வேலூர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை

திண்டிவனத்தில் அன்று இரவு ஊர் அடங்கி விட்டது.

அமெரிக்க மிஷன் பங்களாவில் மட்டும் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. விளக்கின் அருகே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். அவர் பெயர் ஐடா ஸ்கடர்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு பிராமண வாலிபர். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. அவளுக்கு வயது 14. மருத்துவச்சி கை விரித்து விட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவருடைய தந்தைதான் டாக்டர். பக்கத்து அறையில் இருக்கிறார், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா.

வாலிபரின் முகம் மாறியது. அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதா? அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லித் திரும்பிப் போய் விட்டார்.

சிறிது நேரம் கழித்து மீண்டும் காலடிச் சத்தம். இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம் வாலிபர். அவர் வீட்டிலும் அதே துன்பம். அவரும் ஆண் டாக்டரை ஏற்கவில்லை. அவரும் திரும்பிப் போனார்.

மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். வேறு சாதியைச் சேர்ந்த இந்து. அதே வேண்டுகோள். அதே மறுப்பு.

ஐடாவால் தூங்க முடியவில்லை. மூன்று பெண்கள் மூன்று வீடுகளில் துடித்துக் கொண்டிருக்கிறார்கள். வைத்தியம் தெரிந்தவர் போகக்கூடாது. போகக்கூடியவருக்கு வைத்தியம் தெரியாது.

ஐடாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முழங்காலிட்டு ஜெபித்தார்.

பொழுது விடிந்தது. தெருவில் பறைச் சத்தம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்து போனார்கள் என்ற செய்தி வந்தது.

ஓடிப்போக நினைத்தவர்

இந்தக் கதையை ஐடா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏனென்றால், அந்த இரவுக்கு முன்னால் இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மிஷனரி டாக்டர். 1819-ல் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் மிஷனரிகள் ஆனார்கள். ஆற்காட்டு மிஷன் அந்தக் குடும்பம் தொடங்கியதுதான்.

ஏழு மகன்களில் ஒருவர் ஐடாவின் தந்தை. அவர் பெயரும் ஜான். ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு, 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. தமிழ்நாட்டையே சூறையாடிய பஞ்சம் அது. எலும்பும் தோலுமான குழந்தைகள் மிஷன் வளவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஐடா ரொட்டியைக் கொண்டு போய்க் கொடுப்பார். சில குழந்தைகளுக்கு அதை வாங்கி வாயில் வைக்கக்கூடத் தெம்பு இல்லை. ஐடாவே பிட்டுப் பிட்டு ஊட்டி விட்டார்.

அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லை. ஆனால் அது அவரை இந்தியாவை நோக்கி இழுக்கவில்லை. விலகி ஓடவே தூண்டியது.

பிறகு அமெரிக்காவுக்குப் போனார்கள். பெற்றோர் மட்டும் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்ப, சிறுமி ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயைப் பிரிந்த துயரம் அவரை வாட்டியது. மிஷனரி வாழ்க்கை என்றாலே அவருக்குக் கசந்தது.

மாசசூசெட்சு மாநிலத்தில் நார்த்பீல்டு என்ற ஊரில் படித்தார். ஐடா நல்ல அழகி. சிரிப்பும் குறும்பும் நிறைந்தவர். அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும் என்பது அவர் ஆசை.

1890-ல் ஒரு செய்தி வந்தது. திண்டிவனத்தில் தாய் நோயாய்ப் படுத்து விட்டார். ஐடா புறப்பட்டு வந்தார். தாய் குணமானதும் திரும்பிப் போய் விடுவது என்ற முடிவோடுதான் வந்தார்.

அப்படி வந்த இடத்தில்தான் அந்த இரவு.

ஜெபத்துக்குப் பின்

மூன்று பெண்களின் சாவுச் செய்தி கேட்ட ஐடா, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். நெடுநேரம் யோசித்தார். நெடுநேரம் ஜெபித்தார்.

முதல் நாள் இரவு செய்த ஜெபம் வேறு. அது, அந்தப் பெண்களைக் காப்பாற்று என்று கடவுளிடம் கேட்ட ஜெபம். விடிந்த பிறகு செய்த ஜெபத்தில், தான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

அந்த வீடுகளுக்குள் போவதற்கு ஒரு பெண் டாக்டர் வேண்டும். அவர் எங்கிருந்தோ வரவேண்டும் என்று காத்திருந்தால், இன்னும் எத்தனை பறைச் சத்தம் கேட்க வேண்டியிருக்குமோ?

கதவைத் திறந்து கொண்டு வெளியே வந்தார். அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படிக்கப் போவதாகவும், படித்து முடித்து இந்தியப் பெண்களுக்கு வைத்தியம் செய்யத் திரும்பி வரப் போவதாகவும் பெற்றோரிடம் சொன்னார்.

1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறினார். 1899-ல் பட்டம் பெற்றார்.

பக்கத்து அறையில் ஒரு கிழவர்

படிப்பு முடிந்தது. இந்தியாவுக்குப் புறப்படும் முன் இன்னொரு வேலை அவர் தலையில் விழுந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்ட வேண்டும்.

பணம் வேண்டும் என்று ஜெபித்தார். ஜெபித்து விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. வீடு வீடாகப் போனார். கூட்டம் கூட்டமாகப் பேசினார். சேர்ந்தது சொற்பம்தான். கப்பல் புறப்படும் நாளோ நெருங்கிக் கொண்டிருந்தது.

நியூயார்க்கில் ஒரு பெண்மணியின் வீட்டுக்குப் போய், திண்டிவனத்து இரவைப் பற்றிச் சொன்னார். அடுத்த அறையில் இருந்த முதியவர் ஒருவர் காதிலும் அது விழுந்தது. அவர் ஒரு பாங்கு அதிபர். பெயர் ஷெல். மனைவியை இழந்தவர்.

மறுநாள் ஐடாவுக்கு அழைப்பு வந்தது. ஷெல் பல கேள்விகள் கேட்டார். பிறகு, தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக ஆஸ்பத்திரி கட்டும்படி 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரும் பணம்.

ஐடாவைக் கேட்டால் அது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றுதான் சொல்வார். அந்த வீட்டுப் படியை அவர் ஏறியிரா விட்டால், அந்தப் பதில் வந்து சேர வழியே இல்லை என்பதும் உண்மை.

தந்தையின் மறைவு

1900-ம் ஆண்டு பிறந்த நேரத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே நார்த்பீல்டு தோழி ஆனி ஹான்காக் என்பவரும் வந்தார்.

தந்தையின் பக்கத்தில் நின்று சில காலம் வேலை பழக வேண்டும் என்று ஐடா நினைத்திருந்தார். புத்தகப் படிப்பு வேறு, அனுபவம் வேறு அல்லவா? ஆனால் அவர் வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார்.

வழி காட்ட ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிடம் இன்னும் எழும்பவில்லை. உதவிக்கு நர்சு இல்லை. புதிய டாக்டரம்மாவை நம்பி வரவும் ஜனங்கள் தயங்கினார்கள்.

வேலூர் மிஷன் பங்களாவில் ஓர் அறையை வைத்தியசாலை ஆக்கினார். அதில் இருந்தது ஒரே ஒரு படுக்கை. சமையற்காரரின் மனைவி சலோமிக்குக் கட்டுக் கட்டவும் கருவிகளைச் சுத்தம் செய்யவும் கற்றுக் கொடுத்தார். சலோமிதான் ஐடாவின் முதல் உதவியாளர்.

குணமான ஒருவர் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். இரண்டு ஆண்டுகளில் 5 ஆயிரம் பேருக்கு ஐடா வைத்தியம் செய்தார்.

1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதில் 40 படுக்கைகள். பின்னாளில் கண் ஆஸ்பத்திரியாக மாறியது இந்தக் கட்டிடமே.

ஆபரேஷனுக்கு முன் ஐடா ஒரு நிமிடம் தலை குனிந்து ஜெபிப்பார். அதற்கு முன்பே கருவிகள் கொதிநீரில் வெந்து, கைகள் தேய்த்துக் கழுவப்பட்டிருக்கும். ஜெபித்ததால் சுத்தம் குறைவாக இருக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சுத்தம் சரியாக இருப்பதால் ஜெபம் தேவையில்லை என்றும் அவர் எண்ணியதில்லை.

புளியமரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்கள் பிழைத்தார்கள். வர முடியாதவர்கள்?

1906-ல் ஐடா மாட்டு வண்டி கட்டிக் கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார். மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் போவார். சாலை ஓரத்து மரத்தடியே வைத்தியசாலை. புண்ணும் புரையும், கண் நோயும், காய்ச்சலும் அங்கே வரிசையில் நிற்கும்.

மாட்டு வண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை ஊருக்குப் போக முடியும்? 1909-ல் ஒரு மோட்டார் கார் வந்து சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டுப் பேஜோ கார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் புகை கக்கிக் கொண்டு ஓடி வந்த வண்டியைக் கண்டு கிராமத்தார் அலறி ஓடினார்கள். வண்டிக்குள் டாக்டரம்மா இருப்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

வாரந்தோறும் அதே நாளில், அதே மரத்தடியில் கார் நிற்கும். மழை பெய்தாலும் நோயாளிகள் காத்திருப்பார்கள். வருவதாகச் சொன்ன நாளில் வந்து விடுவார் என்ற நம்பிக்கையை ஐடா சம்பாதித்து விட்டார்.

அதே 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அந்நியருக்குப் பணிவிடை செய்வதைக் குடும்பப் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கருதிய காலம் அது. தயங்கிய பெற்றோரிடம் பேசிப் பேசி மனம் திருப்ப வேண்டியிருந்தது. 1946-ல் அந்தப் பள்ளி, பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

ஆறு பேர் போதும்!

எவ்வளவு ஓடினாலும் ஒரு டாக்டர் ஒரு டாக்டர்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது. அன்று ஐடா டாக்டராகவே இருந்திருந்தாலும் மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போயிருக்க முடியாது.

ஆகவே, இந்தியப் பெண்களையே டாக்டர்கள் ஆக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

சென்னை சர்க்காரின் சர்ஜன் ஜெனரல் கர்னல் பிரைசனிடம் அனுமதி கேட்டார். அவருக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் படிப்புக்கு இத்தனை பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? மூன்று மனு வந்தாலே ஆச்சரியம் என்று நினைத்தார். ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வந்த மனுக்கள் 151!

1918 ஆகஸ்டு 12-ந் தேதி, கவர்னர் பெண்ட்லாண்டு பிரபு பெண்கள் மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். சொந்தக் கட்டிடம் கிடையாது. ஆசிரியர்கள் மிகக் குறைவு. ஐடாவே ஆஸ்பத்திரியையும் பார்த்துக் கொண்டு, பாடமும் நடத்தினார்.

முதல் ஆண்டுப் பரீட்சை வந்தது. ஆண்களிலேயே பெரும்பாலோர் தேற மாட்டார்கள், பெண்கள் தோற்றால் மனம் உடைய வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லி விட்டார்கள். முடிவு வெளியானது. பரீட்சை எழுதிய வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறியிருந்தார்கள்!

அந்தப் பெண்கள் பரீட்சைக்கு முன் ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள். அதற்கு முன் இரவெல்லாம் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தவர்களும் அவர்கள்தான்.

1922-ல் முதல் அணியினர் 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். இனி மூன்று வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், மூன்று பேர் போகலாம்.

அடுத்தது கட்டிடம். ஆசியாவில் பெண்களுக்காக நடந்த கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு அமெரிக்காவில் பெரிய நிதி வசூல் நடந்தது. 20 லட்சம் டாலர் திரட்டினால், ராக்பெல்லர் நிதியிலிருந்து 10 லட்சம் டாலர் கிடைக்கும் என்று ஏற்பாடு. ஐடாவும் ஊர் ஊராகச் சுற்றிப் பேசினார். தொகை சேர்ந்தது. வேலூருக்கும் பங்கு கிடைத்தது. தோட்டப்பாளையத்தில் புதிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-ல் பாகாயத்தில் கல்லூரிக்கு அடித்தளம் தோண்டப்பட்டது.

எழுபது வயதில் ஒரு சோதனை

எல்லாம் நிலைபெற்று விட்டது என்று இருந்த வேளையில் பேரிடி விழுந்தது.

அதுவரை வேலூரில் நடந்தது எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பு. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு அந்தப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே. அதற்குச் சர்வகலாசாலை அங்கீகாரம் வேண்டும். மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். அதிகப் படுக்கைகள் வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்கள் வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான்.

அப்போது ஐடாவுக்கு வயது எழுபதை எட்டிக் கொண்டிருந்தது. ஓய்வு எடுக்கும் வயது.

ஐடா கலங்கினார். ஜெபித்தார். பிறகு பெட்டியைக் கட்டினார். 1941-ல், உலக யுத்தம் மூண்டிருந்த நேரத்தில், கப்பல் ஏறி அமெரிக்கா போனார். மீண்டும் ஊர் ஊராகக் கூட்டம். மீண்டும் கையேந்தல்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று காத்திருந்தது. ஆண்களையும் சேர்த்துக் கொண்டால்தான் மற்ற மிஷன்களின் உதவி கிடைக்கும், கல்லூரி பிழைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி ஆயிற்றே, அதில் ஆண்களுக்கு இடமா என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் அவருடைய நெடுநாள் தோழியரும் இருந்தார்கள்.

ஐடாவுக்கே அது கசப்பான மாத்திரைதான். திண்டிவனத்து இரவிலிருந்து அவர் கண்ட கனவு, பெண்களுக்கான கல்லூரி. ஆனால், கனவைக் கட்டிப் பிடித்துக் கொண்டு நோயாளிகளைக் கைவிடுவதா? இணங்கினார். அதனால் நட்பு முறிந்தது. மனம் நொந்தாலும் வேலையை விடவில்லை.

1942-ல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க வழி பிறந்தது. 1947-ல் முதல்முறையாக ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். நாற்பது மிஷன்கள் வரை ஒன்றுகூடித் தாங்கும் கல்லூரியாக அது வளர்ந்தது.

ஓய்விலும் ஓயாதவர்

1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் கல்லூரியின் முதல்வரானார். முதல் இந்திய இயக்குநரும் அவரே. தாம் தொடங்கிய நிலையத்தை இந்தியப் பெண் ஒருவர் நடத்துவதை ஐடா தம் கண்ணாலேயே கண்டார்.

டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியது வேலூரில்தான். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் மூளை ஆபரேஷன் பகுதியைத் தொடங்கியதும் வேலூரில்தான். ஒரே படுக்கையில் தொடங்கிய இடத்துக்கு இப்படியெல்லாம் பெருமைகள் வந்து சேர்ந்தன.

முதுமையிலும் ஐடா சும்மா இருக்கவில்லை. கொடைக்கானலில் தோட்டம் போட்டார். நோயாளிகளைப் பார்க்க வந்தார். வயதான காலத்திலும் டென்னிஸ் ஆடி இளைஞர்களைத் தோற்கடித்தார். அதிகாலை ஜெபம் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம்.

அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. வேலூர்தான் அவர் குடும்பம். 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். வயது 89. உடல் வேலூரில் அடக்கம் செய்யப்பட்டது.

2000-ல் ஆஸ்பத்திரியின் நூற்றாண்டு விழா நடந்தபோது, இந்தியத் தபால் துறை சிறப்புத் தபால் தலை வெளியிட்டது.

மூன்று பெண்களுக்காக ஐடா செய்த அந்த முதல் ஜெபம் பலிக்கவில்லை. கடவுள் கேட்கவில்லை என்று அவர் நம்பிக்கையை விட்டிருக்கலாம். அல்லது, நம்மால் ஆவது ஜெபம் ஒன்றுதான் என்று அதோடு நின்றிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. எதற்காக முழங்காலிட்டாரோ அதற்காகவே எழுந்து நடந்தார்.

அந்த மூன்று பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், அவர்களுக்குக் கிடைக்காத பெண் டாக்டர், அவர்களுக்குப் பின்னால் வந்த லட்சக்கணக்கான தாய்மார்களுக்குக் கிடைத்தார்.